மூக்கும் வலைச் சன்னலும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறில் லண்டன் மாநகரத்தில் சுத்தம் என்ற ஒன்று மிஞ்சியிருந்ததென்றால், அது ஸ்ரீஸ்கந்தராஜாவின் மூக்கில் மட்டுமே மிஞ்சியிருந்தது. இதை வேறு யாரும் சொல்லவில்லை. அவரேதான் சொன்னார். பல இடங்களில், சிரிக்காமல்.

"எழுபது லட்சம் சனம் இருக்கிற ஊர். எழுபது லட்சம் மூக்கு. அதில வேலை செய்யிறது ஒண்டே ஒண்டுதான்" என்பார். சொல்லிவிட்டு அந்த ஒன்றை ஆள்காட்டி விரலால் தொட்டும் காட்டுவார்.

விக்டோரியா லைன் ரயிலில் யாராவது முட்டை சாண்ட்விச்சைப் பிரித்தால் அவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, அடுத்த ரயிலில் ஏறுவார். கவுன்சில் அலுவலகத்தில் ஹவுசிங் பெனிபிட் பகுதியில் வேலை. பக்கத்து மேசைக்காரி ஒருநாள் சூரை மீன் டின்னைத் திறந்தாள் என்பதற்காகத் தன் மேசையைப் போட்டோகொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போனவர், மூன்று வருடமாக அங்கேயே இருக்கிறார். மையின் நாற்றம் சைவம் என்பது அவர் கட்சி.

கோயிலில் அவர் பெயர் எடுத்ததும் மூக்கால்தான். ஒரு திருவிழாவில் வடையை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தி, "இந்தச் சட்டியில ஆரோ மீன் பொரிச்சிருக்கினம்" என்றார். விசாரித்தால், தொண்டர்கள் சட்டியை இரவல் வாங்கியது ஒரு சிப்ஸ் கடையில். முன்னூறு வடை குப்பைத் தொட்டிக்குப் போனது. அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஆசை: கோயில் மடைப்பள்ளியின் பொறுப்பு தன் கைக்கு வரவேண்டும். அதன் சாவி தன் இடுப்பில் தொங்கவேண்டும். மூன்று வருடம் காத்திருந்த பிறகு கோயில் தலைவர் தில்லையம்பலம் வாக்குக் கொடுத்தார்.

"ஒக்டோபர் கடைசி ஞாயிறு. ஐயரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, திறப்பை நானே உங்கட கையில தாறன், ஸ்ரீ."

அதற்கிடையில் இரண்டு இடைஞ்சல் வந்தது. செப்டம்பர் கடைசியில் யாழ்ப்பாணத்தில் அவருடைய சித்தப்பா செத்துப்போனார். சாவுத் தீட்டான துடக்கு முப்பத்தொரு நாள். அது அந்த ஞாயிறுக்கு முந்திய வியாழக்கிழமை கழிந்துவிடும் என்பதால் பெரிய இடைஞ்சல் இல்லை. பெரிய இடைஞ்சல் கனடாவிலிருந்து விமானத்தில் வந்தது. அதன் பெயர் பத்மநாதன். மனைவி தவமலரின் ஒரே தம்பி.

பத்மநாதன் சட்பரி என்ற ஊரில் நிக்கல் சுரங்கத்தில் எலெக்ட்ரீசியன். விமான நிலையத்தில் இறங்கும்போது தோளில் ஒரு நீளப் பெட்டி, முதுகில் வட்டமாக ஒரு பை. சிங்ஃபோர்டில் இருந்த அத்தான் வீட்டின் முன்னறையில் அந்த வட்டப் பையைத் திறந்து உள்ளே இருந்ததைத் தூக்கிப் போட்டான். அது 'டப்' என்று விரிந்து, நாலு பேர் குந்தக்கூடிய கூடாரமாக நின்றது. வெளியே இலையும் சருகும் அச்சடித்த துணி. உள்ளே கன்னங்கறுப்பு. நாலு பக்கமும் கறுப்பு வலை போட்ட சன்னல்கள். டிவி அதற்குப் பின்னால் மறைந்துபோனது.

"என்னடா இது?" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

"மான் வேட்டைக் கூடாரம், அத்தான். வெளிய நிண்டு பாத்தால் ஒண்டும் தெரியாது. உள்ள இருந்து பாத்தால் எல்லாம் தெரியும்."

நீளப் பெட்டிக்குள் இருந்தது வில். இரண்டு முனையிலும் சில்லு வைத்த, சைக்கிளுக்கும் வீணைக்கும் பிறந்ததுபோல ஒரு வில்.

இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டே பத்மநாதன் தன் தொழில் நுட்பத்தை விளக்கினான். "உள்ளுக்கு ஸ்டூல்ல இருக்கவேணும். யன்னலுக்குக் கிட்டப் போகக்கூடாது. முகத்தில வெளிச்சம் பட்டால் மான் கண்டிடும். அறுபது அடி தூரத்தில வந்து பக்கம் காட்டி நிக்குமட்டும் இமை வெட்டேலாது. நிண்டால், வலைக்குள்ளாலயே அம்பை விடலாம். வலையில சின்ன ஓட்டைதான் விழும்."

"மானில?" என்றாள் தவமலர்.

"மானில பெரிய ஓட்டை, அக்கா. பிறகு சூடு ஆறமுந்தி வயித்தைக் கீறி, குடலை அப்பிடியே ஒரே இழுவையில..."

ஸ்ரீஸ்கந்தராஜா சொதிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"இன்னொண்டு, அத்தான். மானுக்கு மூக்குத்தான் எல்லாம். சோப்பு மணந்தால் அரை மைலுக்கு அங்கால நிண்டிடும். அதால நாங்கள் போறதுக்கு மூண்டு நாளைக்கு முந்தியே குளிக்கிறதை விட்டிடுவம்."

ஸ்ரீஸ்கந்தராஜா எழுந்து நின்றார். தீர்ப்புச் சொல்லும்போது அவர் எப்போதும் எழுந்து நிற்பார்.

"குளிக்கிறேல்லை. விபூதி பூசுறேல்லை. முகம் காட்டப் பயந்து, நுளம்பு வலைக்குப் பின்னால குந்தியிருந்து, ஒரு வாயில்லாச் சீவனை ஒளிச்சுப் பாக்கிறது. பொம்பிளையள் குளிக்கேக்க வேலியால எட்டிப் பாக்கிறவனுக்கும் உனக்கும் என்னடா வித்தியாசம்?"

"அவனட்டை வில்லு இல்லை, அத்தான்."

அடுத்த நாள் பத்மநாதன் வில் விற்கும் கடை ஒன்றுக்குப் போன் போட்டான். இந்த நாட்டில் வில்லால் மான் வேட்டையாடுவது குற்றம் என்று கடைக்காரர் மரியாதையாகச் சொல்லி, பெயரையும் கேட்டார். பத்மநாதன் போனை வைத்துவிட்டான். வில் மேல்மாடிப் பரணுக்குப் போனது. கூடாரம் மட்டும் தோட்டத்துக் கடைசியில், வேலியோரம் போடப்பட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் எப்பிங் காடு. காட்டில் மான் உண்டு. "சும்மா இருந்து பாக்கிறன், அத்தான். பாக்கிறதுக்குச் சட்டம் இல்லைத்தானே" என்றான். ஸ்ரீஸ்கந்தராஜா சமையலறைத் திரையை இழுத்து மூடினார்.

அவருக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. துடக்குக் கழிவுக்குக் கோசலம் வேண்டும். லண்டன் ஐயர்மார் மஞ்சள் தண்ணீரைத் தெளித்துச் சமாளிக்கிறார்கள் என்று வருடக்கணக்காக ஏசி வந்தவர் அவர். தன் வீட்டில் அசல் பசுவின் மூத்திரம்தான் தெளிக்கப்படும் என்று தில்லையம்பலத்திடம் சொல்லியும் விட்டார். சவுத்தால் கடைக்காரர் ஒருவர் எசெக்ஸில் ஒரு பண்ணையைத் தெரியும் என்றார். ஆனால் அந்த வருடம் இங்கிலாந்தின் மாடுகளுக்குப் பைத்திய மாட்டு நோய் வந்து விசர் பிடித்திருந்தது. பேப்பரைத் திறந்தால் கால் தடுமாறி விழும் மாடு. பண்ணைக்காரர்கள் படலையைப் பூட்டிவிட்டார்கள். பூட்டாவிட்டாலும் ஸ்ரீஸ்கந்தராஜா வாங்கியிருக்க மாட்டார்.

"விசர் மாட்டின்ர கோசலத்தைத் தெளிச்சால் வீட்டுக்கும் விசர் பிடிக்கும்" என்றார்.

புதன்கிழமை தவமலர் பிரிட்ஜைத் துடைத்தாள். ஊறுகாய்ப் போத்தல்களுக்குப் பின்னால், லேபிள் உரித்த ஒரு சின்னப் போத்தல் இருந்தது. உள்ளே தேன் நிறத்தில் ஏதோ. பத்மநாதன் மோர்டனில் இருக்கும் கூட்டாளி வீட்டுக்கு இரண்டு நாள் தங்கப் புறப்பட்டு, சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"இதென்ன, தம்பி?"

பத்மநாதன் முன்னறைப் பக்கம் பார்த்தான். அங்கே அத்தான் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தினான். "மூத்திரம், அக்கா. கலப்படம் இல்லாதது. கனடாவில ஒரு பண்ணையில காசு குடுத்து வாங்கினது. கஸ்டம்ஸுக்குப் பயந்து லேபிளை உரிச்சனான். சத்தம் போடாதை."

அவன் போய்விட்டான். தவமலர் போத்தலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரு தமிழன் அட்லாண்டிக் கடலைத் தாண்டி மூத்திரம் கொண்டுவருகிறான் என்றால், அது எந்த மிருகத்தினுடையது என்று கேட்க அவளுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. அத்தானுக்குத் தெரியாமல் திடீரென்று கொடுத்துச் சந்தோஷப்படுத்தத் தம்பி நினைத்திருக்கிறான் என்று கண் கலங்கியது.

வியாழக்கிழமை துடக்குக் கழிவுக்கு ஐயரும் தில்லையம்பலமும் வந்தார்கள். தில்லையம்பலம் ஊரில் முப்பது வருடம் மிருக வைத்தியராக இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகும் யாரைப் பார்த்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பார்.

தம்பி கனடாவிலிருந்து கொண்டுவந்த கோசலம் என்று தவமலர் நீட்டிய போத்தலை ஐயர் திறந்து, தலையைச் சட்டென்று பின்னால் எடுத்தார். "இது... கொஞ்சம் கடுமையா இருக்கே?"

"தாங்கோ இஞ்ச" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

வாங்கினார். கண்ணை மூடினார். மூக்கின் கீழே போத்தலை இடமிருந்து வலமாக ஒருமுறை, வலமிருந்து இடமாக ஒருமுறை கொண்டுபோனார்.

"அசல்" என்றார். "புல்லு மட்டும் திண்ட பசு. திறந்த வெளியில வளந்தது. ஒரு கண்டுதான் போட்டிருக்கு. கனடா எண்டபடியால் மணத்தில கொஞ்சம் குளிர் இருக்கு. மற்றும்படி குறை சொல்லேலாது."

"மூக்கு எண்டால் மூக்கு!" என்றார் தில்லையம்பலம்.

ஐயர் மாவிலையால் வாசற்படியில் தெளித்தார். சன்னல்களில் தெளித்தார். வெளியே நின்ற நிசான் காரிலும் தெளித்தார். பிறகு எல்லார் உள்ளங்கையிலும் ஒவ்வொரு கரண்டி விட்டார். தில்லையம்பலம் உறிஞ்சிக் குடித்து, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டு, "ஊரை விட்ட பிறகு இப்பிடி ஒண்டு கிடைக்கேல்லை" என்றார். ஸ்ரீஸ்கந்தராஜா இரண்டாம் தடவையும் கையை நீட்டினார்.

வெள்ளி விடியற்காலையில் வாசலில் யாரோ பெரிதாக ஏவறை விட்டார்கள். ஒன்றல்ல, தொடர்ச்சியாக, வயிறு நிறையப் பியர் குடித்தவன் விடுகிற ஏப்பம் மாதிரி. ஸ்ரீஸ்கந்தராஜா சன்னல் திரையை விலக்கினார்.

வாசற்படியில் ஒரு கலைமான் நின்றது. விரித்த உள்ளங்கைபோலக் கொம்பு. அது படியை நக்கியது. நக்கிவிட்டுத் தலையை நிமிர்த்தி, மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டிக்கொண்டு, பரவசமாக வானத்தைப் பார்த்தது. பிறகு காரிடம் போய்ப் பம்பரில் கழுத்தைத் தேய்த்தது. கடைசியில் தன் வயிற்றிலும் நெஞ்சிலும் படும்படியாகத் தானே மூத்திரம் பெய்து, திரும்பவும் ஏவறை விட்டது. மூடிய கண்ணாடியைத் தாண்டி அந்த வீச்சம் உள்ளே வந்தது. புளித்த மோர், ஈரக் கம்பளி, பழைய காசு, எல்லாம் சேர்ந்த வீச்சம். ஸ்ரீஸ்கந்தராஜா வேட்டித் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓங்காளித்தார்.

மத்தியானம் பத்மநாதன் மோர்டனிலிருந்து வந்தான். வாசலில் குளம்படியைப் பார்த்தான். குனிந்து மணந்தான். நேரே பிரிட்ஜுக்கு ஓடினான்.

"அக்கா, என்ர போத்தலில முக்கால்வாசி எங்க?"

"ஐயருக்குக் குடுத்தனான்."

"ஐயருக்கு ஏன்?"

"தெளிக்கத்தான். வேறை என்னத்துக்கு? நீ அதுக்குத்தானே கொண்டந்தனி?"

பத்மநாதன் கதிரையில் உட்கார்ந்தான். "அக்கா, அது பெட்டை மானின்ர மூத்திரம். கிடாயைத் தேடுற பருவத்தில எடுத்தது. திரியில ரெண்டு துளி விட்டுக் கூடாரத்துக்கு முன்னால குத்தினால் கிடாய் மான் தானே தேடி வரும். ஒக்டோபர் அதுகளின்ர கலியாண மாசம்."

கதவடியில் நின்ற ஸ்ரீஸ்கந்தராஜா வேட்டித் தலைப்பால் வாயைத் துடைத்தார்.

"நான் குடிச்சனான்" என்றார்.

"எவ்வளவு, அத்தான்?"

"ரெண்டு தரம்."

அன்று பின்னேரம் முழுவதும் அவர் குளியலறையில் இருந்தார். பழப்புளியால் நாக்கைத் தேய்த்தார். உப்பால் தேய்த்தார். தேசிக்காயைப் பிளந்து அந்த எலுமிச்சைச் சாற்றை மூக்குக்குள் விட்டு அலறினார். குமட்டல் அடங்கவில்லை. ஆனால் குமட்டலுக்கு அடியில் இருந்தது அதைவிட அருவருப்பான ஒன்று. அதை அவர் தவமலரிடம்கூடச் சொல்லவில்லை. போத்தலை மணந்தபோது அவருக்கு அது பிடித்திருந்தது.

மான் பின்னேரமும் வந்தது. தவமலர் டெட்டோல் ஊற்றிப் படியைக் கழுவினாள். டெட்டோலையும் தாண்டி நக்கியது.

"ஞாயிற்றுக்கிழமை தில்லையம்பலத்தார் வருவார்" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. கண் சிவந்திருந்தது. "அந்த ஆள் முப்பது வருசம் காளை மாட்டோட நிண்ட ஆள். இது படியை நக்கிப்போட்டு உதட்டைச் சுருட்டுறதைக் கண்டால், என்ன மூத்திரம் எண்டு அடுத்த நிமிசம் சொல்லிப்போடுவார். பிறகு, தான் குடிச்சதும் ஞாபகம் வரும். பிறகு எனக்கு எந்தத் திறப்படா?"

"இந்த மானைக் குறை சொல்லேலாது, அத்தான். கனடாப் பொம்பிளை எண்டால் எங்கட பெடியளே வரிசையில நிக்கிறாங்கள்."

"வாயை மூடு. வழியைச் சொல்லு."

"மணத்தை வேறை இடத்தில வைக்கவேணும். கால் போத்தல் மிச்சம் கிடக்கு. கூடாரத்துக்குப் பின்பக்கம், வேலியடியில திரியைக் குத்துங்கோ. ஒராள் கூடாரத்துக்க இருந்து, திரி காயக் காய வெளிய வந்து ரெண்டு துளி விடவேணும். அப்ப அது வாசலுக்கு வராது. அந்த ஆள் குளிக்கக்கூடாது, விபூதி கூடாது. மான் அதை மணந்தால் ஓடி, சுத்திக்கொண்டு வாசலுக்குத்தான் வரும்."

"நீ இரன்."

"எனக்கு நாளைக்குப் பிளேன்."

ஸ்ரீஸ்கந்தராஜா பிரிட்ஜைத் திறந்து, போத்தலில் மிச்சம் இருந்ததை அளந்து பார்த்தார்.

"சிலபேர் திரியும் வைக்கிறேல்லை" என்றான் பத்மநாதன், சும்மா இருக்க முடியாமல். "சப்பாத்தில, சட்டையில எல்லாம் பூசிக்கொண்டு போவாங்கள்."

"சீ! மூத்திரத்தைத் தன்ர உடம்பில பூசுறவன் மனுசனோ? மிருகம்கூட..." என்று தொடங்கியவர், காலையில் கண்டதை நினைத்து நிறுத்தி, "நல்ல மிருகம் அப்பிடிச் செய்யாது" என்று முடித்தார்.

"அவங்கள் குடிக்கிறேல்லை, அத்தான்" என்றான் பத்மநாதன்.

சனிக்கிழமை அவன் கனடாவுக்குப் பறந்தான். வில்லைக் கொண்டுபோனான். கூடாரத்தையும் போத்தலையும் விட்டுப்போனான்.

ஞாயிறு காலை ஸ்ரீஸ்கந்தராஜா வாழ்க்கையில் முதல்முறையாகக் குளிக்காமல், வெறும் நெற்றியோடு, பத்மநாதன் விட்டுப்போன கறுப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். ஸ்வெட்டரில் பத்மநாதன் குளிக்காத மூன்று நாள் மணந்தது. திரியைக் குத்தினார். துளி விட்டார். கூடாரத்துக்குள் ஸ்டூலில், சன்னலுக்குக் கிட்டப் போகாமல், இமை வெட்டாமல் இருந்தார்.

எட்டரைக்கு மான் வந்தது. சரிந்து கிடந்த வேலியை ஒரே எட்டில் தாண்டி, கூடாரத்துக்கும் வேலிக்கும் நடுவே நின்றது. ஆறடி தூரம். அதன் வீச்சம் கூடாரத்துக்குள் நிறைந்து, கூரையில் இடித்துத் திரும்பி வந்தது. ஸ்ரீஸ்கந்தராஜா வாயால் மூச்சு விட்டார். நாக்கில் அது ருசித்தது. மூக்குக்கே மாறினார்.

ஒன்பது மணிக்கு முன்பக்கம் கார்க் கதவு சாத்தும் சத்தம். கொஞ்ச நேரத்தில் சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு தில்லையம்பலம் தோட்டப் படியில் வந்து நின்றார். பின்னால் ஐயர், கையில் தட்டம். தட்டத்தில் தேங்காய், பூ, மஞ்சள் தடவிய சாவி. முன்பக்கத்து வலைச் சன்னலால் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு எல்லாம் தெரிந்தது. பின்பக்கத்து வலைச் சன்னலால் மானும் தெரிந்தது. அவர்களுக்கு அவரும் தெரியவில்லை. கூடாரம் மறைத்ததால் மானும் தெரியவில்லை.

"ஸ்ரீ எங்க, பிள்ளை?"

தவமலர் சேலைத் தலைப்பைப் பிசைந்தாள். "அவர்... உந்தக் கூடாரத்துக்க இருக்கிறார். விடிய அஞ்சு மணிக்குப் போனவர். பேசமாட்டார். ஒருத்தரும் கிட்ட வரக்கூடாதாம்."

"மௌனமோ?"

"ஓம்" என்றாள் தவமலர்.

"சாப்பாடு?"

"பச்சைத் தண்ணியும் குடிக்கேல்லை."

ஐயர் கூடாரத்தைப் பார்த்துக் கைகூப்பினார். "பொறுப்பு எடுக்க முந்தி மனசைச் சுத்தப்படுத்துறார். இந்தக் காலத்தில ஆர் இப்பிடிச் செய்யினம்?"

"நான் சொன்னனான்தானே, ஐயா" என்றார் தில்லையம்பலம். "லண்டனில ஒரே ஒரு மூக்கு."

அப்போது மான் தலையை நிமிர்த்தியது. திரி காய்ந்துவிட்டது. அது காதைத் திருப்பி வீட்டுப் பக்கம் வைத்தது. வாசற்படி ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஓர் அடி வைத்தது. இன்னோர் அடி. கூடாரத்தின் மூலையைச் சுற்றி இன்னும் இரண்டடி வைத்தால் தில்லையம்பலத்துக்கு நேரெதிரே நிற்கும்.

திரி வெளியே, வேலிக்கு அங்கால். அவர் உள்ளே. எழுந்து போக முடியாது. கையில் போத்தல் இருந்தது.

ஸ்ரீஸ்கந்தராஜா சத்தமில்லாமல் மூடியைத் திருகினார். உள்ளங்கையில் ஊற்றினார். பழக்கத்தில் மூன்று விரலைச் சேர்த்து அதில் தோய்த்து, நெற்றியில் இழுத்தார். பிறகு கழுத்தில். பிறகு இரண்டு தோளிலும், இரண்டு முழங்கையிலும், நெஞ்சிலும், விபூதி பூசுகிற இடம் ஒன்றும் தவறாமல், வரிசைப்படி.

மான் நின்றது. திரும்பியது. பின் சன்னலுக்கு வந்து வலையில் ஈர மூக்கை வைத்து ஆழமாக இழுத்தது. மேலுதடு மெல்லச் சுருண்டது.

"தவத்தைக் கலைக்க வேண்டாம்" என்றார் தில்லையம்பலம். சாவியைத் தவமலரின் கையில் வைத்தார். "மெதுவா வரட்டும். திறப்பு இனி அவரின்ரதான்."

கார் புறப்படும் சத்தம் கேட்டது. தவமலர் படியில் சாவியோடு நின்றாள்.

வலைக்கு இந்தப் பக்கம் ஸ்ரீஸ்கந்தராஜா அசையாமல் இருந்தார். மான் இன்னும் போகவில்லை. அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, உள்ளங்கையில் மிச்சம் இருந்ததைக் காதுக்குப் பின்னாலும் தடவிக்கொண்டார்.